வெல்லத்துக்குக் கண் விலையா, நாக்கு விலையா?

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையும் வெல்லமுமே அதன் முக்கியச் சரக்கு. இரண்டுமே விவசாயி விளைவிப்பவை. சரக்கு இரண்டே என்பதால் ஒன்றில் குறை இருந்தாலும் மறைக்க வழியில்லை. நாக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

கரும்பும் கடலையும் பயிரிடுவோர் ஒரு துண்டு மிட்டாயை நிதானமாக மென்று பார்ப்பது நல்லது. பல்லில் ஒட்டாமல் நொறுங்கினால் வெல்லமும் பாகுப் பதமும் சரி. ஒட்டி இழுத்தால் பதம் தவறியிருக்கலாம். வெல்லமே இளகலாகவும் இருந்திருக்கலாம். வெட்டிய கரும்பை நாள் கணக்கில் போட்டுவைத்து ஆட்டினால் அதிலுள்ள சர்க்கரை சிதைகிறது. அந்த வெல்லம் இறுகாது. காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கரிப்புத் தட்டினால் உவர் நிலத்திலோ உப்புக் கிணற்று நீரிலோ விளைந்த கரும்பாக இருக்கலாம். ஒரு பருப்பு கசந்தால் அது பூஞ்சணம் பிடித்ததாகவோ சிக்கு ஏறியதாகவோ இருக்கும்.

ஆனால் மண்டியில் வெல்லத்துக்குப் பெரும்பாலும் கண்தான் விலை சொல்கிறது. மஞ்சளாகப் பளபளத்தால் நல்ல விலை. பழுப்பாக இருந்தால் விலைக் குறைப்பு. இதனால்தான் கொப்பரையில் ‘ஹைட்ராஸ்’ என்னும் வெளுப்பு மருந்து விழுகிறது. சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது அதன் ரசாயனப் பெயர். அது நிறத்தை வெளுக்கிறதே தவிர, சாற்றின் அழுக்கை நீக்குவதில்லை. கந்தகச் சேர்மானம் வெல்லத்தில் தங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும். வெளுத்த நிறமும் நிலைப்பதில்லை. இருப்பில் மீண்டும் மங்கிவிடும்.

இதற்கு விவசாயியை மட்டும் குறை கூறுவது நியாயமல்ல. மருந்து போடாதவருக்குச் சிப்பத்துக்கு விலை குறைந்தால், அவர் எத்தனை பருவம் தாக்குப்பிடிப்பார்? ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வெல்லத்தைச் சோதித்து, மருந்தில்லா வெல்லத்தைத் தனியாக ஏலம் விட வேண்டும். மிட்டாய் தயாரிப்போரும் ருசி பார்த்து விலை சொல்ல வேண்டும்.

நம் பங்கும் உண்டு. கரும்புக்குக் கடைசிக் காலத்தில் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடக் கூடாது. முற்றிய கரும்பை வெட்டிய அன்றே ஆட்டிவிட வேண்டும். சாற்றை வடிகட்டி, அளவாகச் சுண்ணாம்பு நீர் சேர்த்து, வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீரை ஊற்றிக் காய்ச்சினால் அழுக்கு நுரையோடு மேலே திரளும், அரித்து எடுத்துவிடலாம். கடலைக் காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இல்லாதபடி உலர்த்த வேண்டும். நன்கு காய்ந்த காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும். உடைக்குமுன் காயின் மேல் தண்ணீர் தெளிப்பதைக் கைவிட வேண்டும். நச்சுப் பூஞ்சணத்துக்கு அந்த ஈரமே போதும்.

வெல்லம் காய்ச்சும் விவசாயிகள் நாலைந்து பேராவது சேர்ந்து, வரும் பருவத்தில் ஒரு கொப்பரை வெல்லத்தை மருந்தின்றிக் காய்ச்சிப் பாருங்கள். அதில் கொஞ்சம் கடலை மிட்டாய் செய்து, மிட்டாய் தயாரிப்போரிடமும் கடைக்காரரிடமும் கொடுத்துத் தின்று பார்க்கச் சொல்லுங்கள். விலைப் பேச்சை அதன் பிறகு தொடங்குங்கள்.