மிருதங்கம் மூட்டும் கைக்கு என்ன கூலி?

டிசம்பர் பிறந்தால் சென்னையில் சபாக்களுக்குக் கொண்டாட்டம். 1928ல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதல் சின்னஞ்சிறு சபா வரை கச்சேரிக்கு மேல் கச்சேரி. பாடுகிறவர் பெயர், பிடில்காரர் பெயர், மிருதங்க வித்வான் பெயர் எல்லாம் நோட்டீசில் வருகிறது. அந்த மிருதங்கத்தை மூட்டியவர் பெயர் வருகிறதா? முதல் நாள் இரவு உட்கார்ந்து வார் பிடித்துச் சுருதி கூட்டிக் கொடுத்தவர் யார் என்று முன்வரிசைப் பிரமுகர்களைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

மில் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரிங் பிரேம் ஓடுவது ஓட்டுகிறவர் கையால் மட்டுமா? பிட்டர் ஒரு ஷிப்டு வராவிட்டால் தெரியும் சேதி. கச்சேரி மேடையும் அப்படித்தான்.

வேலை லேசானதல்ல. பலா மரத்தைக் குடைந்து கட்டை செய்கிறார்கள். பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு. எருமைத் தோலை அறுத்து வார். வலந்தலைக்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும். கன்று போட்ட பசுவா, தோல் எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்பதை விரலால் தடவியே சொல்ல வேண்டும். இதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடப் புத்தகம் கிடையாது. வலந்தலையின் நடுவே கருப்பு வட்டம் இருக்கிறதல்லவா? கிட்டக்கல்லை இடித்து, சலித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக வைத்துக் கல்லால் தேய்க்க வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அளவு தவறினால் நாதம் போச்சு. வாரை இழுத்து இழுத்துக் கை காய்த்துப் போகும். குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும்.

மூட்டிக் கொடுத்ததோடு முடிவதுமில்லை. ஒரு பாடகருக்கு ஒரு சுருதி, பாடகிக்கு இன்னொன்று. ஏ.சி. அரங்கில் ஒரு மாதிரி, ஈரக்காற்று வீசும் கோயில் பந்தலில் வேறு மாதிரி. அடி விழுந்து விழுந்து கருப்பு வட்டம் பெயரும், மறுபடியும் பட்டறை. ஆக, வித்வானின் வருமானம் நடக்கும் நாளெல்லாம் இந்தத் தொழிலாளியின் உழைப்பும் கூடவே நடக்கிறது.

தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக இத்தொழில் செய்தவர்கள். பாலக்காடு மணி அய்யருக்கு (1912–1981) மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அந்தக் குடும்பத்தவர். மணி அய்யரின் நாதம் என்று ரசிகர்கள் உருகியதில் பர்லாந்தின் பங்கு எவ்வளவு? இதை எழுத 2020ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகம் போட வேண்டியிருந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறிடத்தில் நடந்தது. இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பசு தெய்வமாம், பசுத்தோலில் பிறக்கும் நாதம் தெய்வீகமாம், தோலைத் தொட்டுப் பாடுபடுகிறவர் மட்டும் தீட்டாம்! இந்த நியாயத்தைச் சேரியில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாடுகளை இறைச்சிக்கு விற்கக் கூடாதென்று விதி கொண்டுவந்தது. மதுரை ஐகோர்ட் கிளை தடை விதித்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. சந்தையில் மாடு விற்கவில்லையென்றால் பட்டறைக்குத் தோல் எங்கிருந்து வரும்? சபாக்காரர்களில் எத்தனை பேர் அன்று இதை எண்ணிப் பார்த்தார்கள்?

நமது இளைஞர்கள் இந்தத் தொழிலுக்குப் போகலாமா? போகலாம் என்பதே என் கருத்து. செயற்கைத் தோல் வந்துவிட்டதே என்பார்கள். வரட்டும், அதற்கும் சுருதி சேர்க்கக் காதும் கையும் வேண்டும். மெல்லிசைக் குழுக்களின் கிதாருக்கும் டிரம்முக்கும் இதே போல ஆள் தேவைப்படுகிறது. ஆனால் வித்வானின் தயவை நம்பிப் போகக் கூடாது. "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று முதுகில் தட்டிவிட்டுக் கூலியைக் குறைக்கிற வித்தை பண்ணையார்களிடம் நாம் பார்த்ததுதான். தகப்பன் படும் பாட்டைக் கண்ட மகன் வேறு வேலை தேடிப் போனால் அவனைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கைத்திறனே அழிந்தால் குற்றவாளி அவனல்ல.

அமெரிக்காவில் நாடக மேடைத் தொழிலாளர்கள் 1893லேயே சங்கம் கண்டார்கள். அவர்கள் மேடையில் பாடவுமில்லை, ஆடவுமில்லை. திரைக்குப் பின்னால் பாடுபட்டவர்கள். இங்கும் அது முடியாத காரியமல்ல. தமிழ்நாட்டில் 1982ல் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, அதன் கீழ் நலவாரியங்கள் அமைந்தன. பட்டறைத் தொழிலாளிகள் ஒருவர் விடாமல் வாரியத்தில் பதிய வேண்டும், நமது சங்கங்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும். அரசு இசைப் பள்ளிகளில் மிருதங்கம் வாசிக்கச் சொல்லித் தருகிறார்கள். அங்கேயே ஒரு பட்டறை வைத்து, மூத்த தொழிலாளியை ஆசிரியராக்கி, எந்த ஜாதிப் பிள்ளை வந்தாலும் உதவித் தொகையோடு கற்றுத் தரட்டும்.

முதற் காரியமாகக் கூலிப் பட்டியல் ஒன்று வேண்டும். புது மூட்டுக்கு இவ்வளவு, வலந்தலை மாற்ற இவ்வளவு, வார் பிடிக்க இவ்வளவு, ராத்திரி வேலைக்கு இவ்வளவு, வெளியூர்க் கச்சேரிக்குக் கூட வந்தால் பயணப்படியும் காத்திருக்கும் நாளுக்குக் கூலியும் இவ்வளவு என்று தஞ்சையிலும் சென்னையிலும் உள்ள பட்டறைக்காரர்கள் கூடிப் பேசி எழுதி, ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் ஒட்ட வேண்டும். அடுத்த டிசம்பருக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.