வாய் மூடுவதா நாணம்?

சென்ற கல்வியாண்டில் ஓரிரவு, இஷாவுக்குப் பின், ராயகிரி வாசியான ஒரு தந்தை நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் நாள்தோறும் பேருந்தேறி வெளியூர்க் கல்லூரிக்குச் சென்று வருபவள். ஆசிரியர் ஒருவர் நள்ளிரவில் அவளுக்குத் தகாத செய்திகளை அனுப்பி, அக மதிப்பெண் தம் கையில் இருப்பதையும் நினைவூட்டி வந்திருக்கிறார். “நாளை முதல் அவளை அனுப்பப் போவதில்லை, ஹஜ்ரத். மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிவிட்டேன். வெளியே சொன்னால் மானம் போகும். புறம் பேசிய பாவமும் வந்து சேரும்” என்றார். வெட்கம் தாளாமல் அச்செய்திகளில் பாதியை அழிக்கவும் செய்துவிட்டாராம்.

நாம் அவரைத் தேற்றவில்லை, கோபித்துக்கொண்டோம். பிழை செய்தவன் வகுப்பில் நிற்பான். பிழை செய்யாதவள் வீட்டுக்குள் அடைபடுவாள். இதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது எவ்வகையில் நியாயம்?

புறம் பேசுதல் பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீய பேச்சை உரக்கச் சொல்வதை இறைவன் விரும்பான் என்று கூறும் திருமறை, அதே வசனத்தில் (4:148) அநீதிக்கு ஆளானவருக்கு விலக்கு அளித்திருப்பதை ஏன் மறந்தோம்? இமாம் நவவி (ரஹ்) ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், ஒருவரின் குறையை வெளியிடுதல் ஆகுமான இடங்கள் ஆறு எனக் கணக்கிட்டு, அநீதி இழைக்கப்பட்டவர் நீதி வழங்க வல்லவரிடம் முறையிடுவதையே முதலாவதாக வைக்கிறார். மதரஸாவில் இதை ஓதிய நாமே மிம்பரில் எடுத்துச் சொல்லாதது நம் குற்றம்.

இன்னொரு கேள்வியும் நம் தெருக்களில் எழுகிறது: “நான்கு சாட்சிகள் எங்கே?” கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்துவோரிடம் திருமறை கேட்ட சாட்சிகள் அவை (24:4). பெண்ணின் மானம் காக்க வந்த கேடயத்தை அவள் வாய்க்குப் பூட்டாக்கிவிட்டோம். அண்ணல் நபி (ஸல்) காலத்தில், தொழுகைக்கெனப் புறப்பட்ட ஒரு பெண் வழியில் வன்முறைக்கு ஆளான செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. அவர் கூவினார், மக்கள் ஓடிவந்தனர். கலக்கத்தில் வேறொருவரை அவர் அடையாளம் காட்ட, உண்மைக் குற்றவாளி தானே எழுந்து ஒப்புக்கொண்டான். “ஏன் வெளியே வந்தாய்?” என்று அப்பெண்மணியை எவரும் கேட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. ஆளை மாற்றிக் காட்டியதற்கும் அவர் தண்டிக்கப்படவில்லை. இறைவன் மன்னித்துவிட்டான் என்று சொல்லியே அவரை அனுப்பி வைத்தார்கள்.

வாய் திறந்ததால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டு, அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி, மதிப்பெண்ணையும் பணத்தையும் காட்டி, மேலிடத்தாருக்கு இணங்குமாறு மாணவியரைத் தொலைபேசியில் வற்புறுத்தினார். ஆசை காட்டியவர் ஒரு பெண் என்பதையும் கவனியுங்கள்! அம்மாணவியர் இணங்கவில்லை. பேச்சைப் பதிவு செய்துகொண்டு கல்லூரியில் முறையிட்டனர். 2024 ஏப்ரலில், ராஜபாளையம் தாண்டினால் வரும் அதே ஸ்ரீவில்லிபுத்தூரின் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் விடுதலையாயினர். ஆண்டுகள் ஆறு கடந்தன என்பது மெய்தான். அந்த ஒலிப்பதிவை அன்றே எவரேனும் ‘மானம்’ கருதி அழித்திருந்தால் வழக்கு எங்கே நின்றிருக்கும்?

அஞ்சுவோர் சென்னையைச் சுட்டுவர். 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு ஆளான மாணவி புகார் தந்தார். முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, அவர் இன்னார் என்பது வெளிப்பட்டது. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அந்தக் கசிவுக்காகவே மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உயர்நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டதையும், குற்றவாளிக்கு 2025 ஜூனில் குறைந்தது 30 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தவறியது காவலரின் கை. அதற்கு மாணவியின் வாயை ஏன் அடைக்கிறோம்?

நம் பெற்றோரில் பலர் அறியாதது ஒன்றுண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழுவைக் கட்டாயமாக்கியுள்ளன. அதன் தலைமையில் பெண்ணே இருக்க வேண்டும். வெளியார் ஒருவரும் உறுப்பினராக வேண்டும். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் தாமதத்தைக் குழு மன்னிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். பெயரை வெளியிடலாகாது. புகாருக்குள்ளானவர் அம்மாணவியின் தாளைத் திருத்தாதபடி இடைக்காலத்திலேயே தடுக்கவும் வழியுண்டு. ‘மதிப்பெண் போய்விடும்’ என்ற மிரட்டலின் பல் இவ்விடத்தில்தான் பிடுங்கப்படுகிறது. பிள்ளை 18 வயது நிரம்பாதவளாயின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. “பேசி முடித்துவிடலாம்” என்று ஜமாஅத்தில் பாய் விரிப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அத்தந்தை இரண்டு நாள் கழித்து மகளோடு வந்தார். புகாரை அவளே எழுதியிருந்தாள். எஞ்சிய செய்திகளைத் தேதிவாரியாக அடுக்கியும் வைத்திருந்தாள். சந்திப்பிழை இரண்டைத் திருத்தியது மட்டுமே நம் பங்கு. யாரிடம் கொடுப்பது என்று கேட்டோம். குழுத் தலைவியின் பெயர் அவளுக்கும் தெரியவில்லை, அவள் தோழியருக்கும் தெரியவில்லை. மறுநாள் தந்தையே கல்லூரி அலுவலகத்துக்குப் போய், அரை மணி நேரம் நின்று, அந்தப் பெயரைக் கேட்டு வாங்கி வந்தார்.