புறநகர்: மனை வாங்குமுன் கேட்கப்படாத கேள்வி

புறநகருக்குக் குடிபெயர எண்ணுவோருக்கென்று நம் மத்தியதர வர்க்கம் ஒரு வினாப்பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறது. சதுர அடி என்ன விலை? ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? நல்ல பள்ளி அருகில் உண்டா? ஐந்தாண்டுகளில் மனை எத்தனை மடங்கு ஏறும்? நாளிதழ்களின் வீட்டுமனை இணைப்புகளும் கடன் முகவர்களும் அலுவலக நண்பர்களும் இந்த நான்கையே மாற்றி மாற்றி ஓதுகிறார்கள். நான்கும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் நான்குமே, ‘இந்த இடம் எனக்கு என்ன தரும்?’ என்ற ஒற்றைக் கேள்வியின் வெவ்வேறு வேடங்கள். ‘நான் வருமுன் இந்த இடம் என்னவாக இருந்தது? இங்கே நீர் எங்கே தங்கியது?’ என்று கேட்பவர் அரிது. சென்னையைச் சுற்றியுள்ள புறநகர்களைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பது நம் வாதம்.

தொண்டை மண்டலம் வற்றாத ஆறுகளின் நாடன்று. வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பதை ஆண்டு முழுமைக்கும் வைத்துப் பிழைத்த நாடு. அதற்காக அமைந்தவையே ஏரிகள். மேட்டு ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும். அது வழிந்தால் அதற்கடுத்தது. ஒரு கண்ணியை அறுத்தால் நீர் நின்றுவிடாது, வீட்டுக்குள் வரும். ஊர்ப்பெயர்களே இதைச் சொல்லும். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் ஆகிய பெயர்களில் உள்ள ‘தாங்கல்’ ஏரியைக் குறிக்கும் சொல். நீரால் சூழப்பட்டிருந்த குன்றை அடைய முடியாமல் திருமங்கையாழ்வார் மாதக்கணக்கில் காத்திருந்தார் என்று தலவரலாறு கூறும் ஊர் திருநீர்மலை. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ நூலை மேற்கோள் காட்டத் தெரிந்த நாம், மனை பார்க்கப் போகும்போது மட்டும் ஊரின் பெயரைக் காதில் வாங்குவதில்லை.

இது இன்றைய தலைமுறையின் பிழை மட்டுமன்று. இன்று நகரின் நடுவில் இருக்கும் தியாகராய நகர், 1920களில் நீண்ட ஏரியை வற்றவைத்து உருவாக்கிய அக்காலத்துப் புறநகர். முகப்பேரில் ஏரியின் மேல் எழுந்த குடியிருப்புக்கு ஒளிவுமறைவின்றி ‘ஏரித் திட்டம்’ என்றே பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்குமிடமும் ஒரு காலத்தில் நுங்கம்பாக்கம் ஏரியே. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த புலவனுக்கு, ஏரியை இழந்த இடத்தில் கல்தேர் செய்து நிறுத்திய சமூகம் நம்முடையது. இந்த அபத்தம் நம் மேடைகளில் ஒருநாளும் பேசப்பட்டதில்லை.

விளைவுகளைத் தனியே விவரிக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் படகில் மீட்கப்பட்டனர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. வெள்ளம், வறட்சி, வெள்ளம். எட்டே ஆண்டுகளில் இம்மூன்றையும் கண்ட பிறகும் ‘இயற்கைப் பேரிடர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நேர்மையாகாது. தேங்க இடமில்லாத நீர் மழைக்காலத்தில் வெள்ளமாகிறது. தேங்காமல் போனதால் கோடையில் இல்லாமற் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்று.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் அந்தச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். அந்தச் சதுப்பில் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. மறுபக்கங்களில் சாலைகள், மென்பொருள் நிறுவனங்கள், அடுக்ககங்கள். 2022இல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதியும் கிடைத்தது. ஆனால் அப்போது எஞ்சியிருந்தது பழைய பரப்பில் ஒரு சிறு பங்கே.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: ‘அரசு அனுமதியும் பத்திரமும் இருக்கின்றன, வங்கி கடன் தருகிறது, பிறகென்ன?’ அனுமதி என்பது சட்டத்தின் சொல். நீர் அதைப் படிப்பதில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் வகுத்ததும் நாமறிந்தவை. தாளில் ஒரு மனை வரன்முறையாகலாம். அது கிடக்கும் தாழ்நிலம் அதனால் ஓரங்குலமும் உயர்ந்துவிடாது. வில்லங்கச் சான்று மனிதர்கள் வைத்த வில்லங்கத்தைச் சொல்லும். நீரின் வில்லங்கத்தைச் சொல்லாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: ‘நகருக்குள் வாங்க வசதியில்லை, வேறு வழியென்ன?’ மாதச் சம்பளக்காரரின் இந்த நெருக்கடியை நாம் ஏளனம் செய்யவில்லை. வாடகை துரத்தத் துரத்தத் தெற்கே நகர்ந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம். ஆனால் ‘வேறு வழியில்லை’ என்ற சொல்லை அளந்து பயன்படுத்த வேண்டும். கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்குத்தான் உண்மையில் வழியில்லை. வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து, மழைக்குத் தண்ணீர் சூழும் பெரும்பாக்கத்தில் அவர்களைக் குடியமர்த்தினார்கள். எந்த மனையையும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று இடங்களைப் பார்த்து, நான்காவதில் முன்பணம் கொடுக்கும் நம் வகுப்பினருக்குத் தேர்வு உண்டு. தேர்வு உள்ளவருக்குக் கேள்வி கேட்கும் கடமையும் உண்டு.

என்ன கேட்பது? சித்திரையில் மனை பார்க்காதீர்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும், மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கிராம வரைபடத்தை வாங்கி, ஏரி எங்கே, கலங்கல் எங்கே, வாய்க்கால் எந்தப் புல எண்கள் வழியே போகிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அந்த நிலம் நன்செயா, புன்செயா, புறம்போக்கா என்பது அ-பதிவேட்டில் இருக்கும். சாலையைவிட மனை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எத்தனை லோடு மண் கொட்டி நிரவியிருக்கிறார்கள், அந்த மண் எந்த ஏரியிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள். தரகரை விட்டுவிட்டு, ஊரின் பழைய தெருவில் திண்ணையில் இருக்கும் முதியவரிடம் பேசுங்கள். கோடையில் லாரித் தண்ணீர் எந்தக் கிராமத்துக் கிணற்றிலிருந்து வருகிறது, அங்கே விவசாயம் என்ன ஆயிற்று என்பதும் நாம் அறிய வேண்டியதே. கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் ‘ஏரிக்கு’ என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும்.

ஆயக்கட்டு மனைகளானதும் ஏரிக்கு உரியவர்கள் இல்லாமற் போகிறார்கள் என்பதை மறக்கலாகாது. மதகைத் திறக்க உழவரில்லை, தூர்வார ஊரில்லை. ஏரியை நம்பிப் பிழைத்த ஊர் அதைக் காத்தது. ஏரிக்காட்சி என்று விளம்பரம் பார்த்து வந்த குடியிருப்பு கொசுவலை அடித்துக்கொண்டு சன்னலைச் சாத்திக்கொள்கிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், இதே தொண்டை மண்டலத்தில் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பேசுகின்றன. அந்த முறையில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பது வேறு விவாதம். ஆனால் நீரைக் காப்பது ஊராட்சியின் வேலை என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. நம் குடியிருப்போர் சங்கங்களுக்கோ மின்தூக்கிக்கும் காவலாளிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் குழுக்கள் உண்டு. ஏரிக்கு?

முடியாததன்று. 2019 வறட்சியில் சிட்லபாக்கத்து மக்கள் தாமே ஏரியில் இறங்கித் தூய்மை செய்தனர். பிறகு அரசும் சீரமைப்பை மேற்கொண்டது. குடியேறியவர்களும் ஊர்க்காரர்களாக முடியும் என்பதற்கு அது சான்று.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறும் அறிவுரையை ஆண்டுதோறும் வகுப்பறைகளில் விளக்கி வருகிறோம். நிலம் தாழ்ந்த இடத்தில் நீரைத் தேக்கு என்றார் அவர். நிலம் தாழ்ந்த இடத்தில் மண்ணைக் கொட்டு என்கிறது மனை வணிகம். திணைக் கோட்பாட்டைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவர்கள், மருதத்தை அழித்த மனைக்கு முன்பணம் கொடுக்கையில் ஒரு கணமாவது தயங்க வேண்டாமா? புறநகருக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. போகுமுன் நீரிடம் முகவரி கேளுங்கள். போன பின் அந்த ஊரின் ஏரிக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். இவ்விரண்டையும் செய்யாதவர், அடுத்த மழையில் அரசை மட்டும் வசைபாடும் உரிமையை இழந்துவிடுகிறார் என்றே நாம் கருதுகிறோம்.