யாருக்குக் கைதட்டுவது?

மலேசியாவில் பிறந்துவிட்டு இந்தியக் கிரிக்கெட்டைப் பார்ப்பவருக்கு நாட்டுப்பற்று குறைவாம். மாமாக் கடையில் நள்ளிரவு தாண்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கத்துபவரிடம் யாரும் பற்றை விசாரிப்பதில்லை. சென்னை அணிக்குக் கைதட்டினால் மட்டும் ஏன் விசாரணை?

பந்திங்கில் எங்கள் வீட்டில் ஐபிஎல் ஆட்டம் இரவு 10 மணிக்குத் தொடங்கும். மடியில் முறுக்குத் தட்டோடு அப்பா சேப்பாக்கத்துக்கே போய்விடுவார். 1992 பார்சலோனாவில் எங்கள் ஊர் சீடேக் சகோதரர்கள் ரசீஃபும் ஜலானியும் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்றபோது கண்கலங்கியவரும் அவர்தான். 2025 உலகப் பூப்பந்துப் போட்டியில் பெர்லி டான் - தினா முரளிதரன் இணை வெள்ளி வென்றபோதும் அதே நாற்காலி, அதே கண்ணீர்.

தாய்வீட்டை மறக்காத பெண்ணைப் புகுந்த வீட்டுக்குத் துரோகி என்போமா? பாசம் பங்கு போட்டால் குறைகிற சொத்தல்ல.