நிறம் மாறினால் நோய் தீருமா?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் மழை பெய்து சில நாட்கள் சென்றால் வரப்போரங்களில் கீழாநெல்லி தலைகாட்டும். காமாலை கண்டவனுக்கு அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வழக்கத்துக்கு இப்பொழுது புதிய சாட்சி ஒன்று கிடைத்துவிட்டதென நம்மவர் பலர் பூரிக்கின்றனர். ஆண்டி ஆக்ஸிடண்ட் என்னும் சக்தி அதில் நிரம்ப இருக்கிறதாம்.

சாட்சியைச் சற்றுக் குறுக்கு விசாரணை செய்வோம். உடலில் இடைவிடாது உண்டாகும் சில அடங்காத மூலக்கூறுகள் உயிரணுக்களைக் கெடுக்கின்றன. அவற்றை அடக்குவதே இச்சக்தியின் வேலை. இதை அளக்க, டி.பி.பி.எச். என்னும் ஊதாநிறக் கரைசலில் மூலிகைச் சாற்றை விடுவார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் சாறு தேறிற்று. பரீட்சையில் பழுதில்லை. ஆனால் நாம் காலையில் அருந்தும் காபியும் அதில் தேறிவிடும்! கண்ணாடிக் குழாய்க்குக் கல்லீரல் ஏது?

பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய பரீட்சையின் முடிவு 1994-ல் வெளியாயிற்று. இதே சக்தி வாய்ந்ததெனப் புகழப்பட்ட பீட்டா கரோட்டினை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது.

கீழாநெல்லியின் வழக்கோ இன்னும் தீர்ப்பாகவில்லை. டாக்டர் தியாகராஜன் முதலிய சென்னை ஆராய்ச்சியாளர்கள், நோபல் பரிசு பெற்ற ப்ளும்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் லான்ஸெட் பத்திரிகையில் ஒரு முடிவை வெளியிட்டனர். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு இம்மூலிகையைக் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத பொடியை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பின்னர் பிற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அப்பலன் கிட்டவில்லை. இதை மேனாட்டார் பொறாமை என்று தள்ளுவது வீண் பேச்சு. மண்ணும் பருவமும் பக்குவமும் வேறாயிருந்தனவா? கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் வழங்கும் பல செடிகளில் எது உபயோகிக்கப்பட்டது? இவற்றைக் கண்டறிய வேண்டியவர்கள் நாமே.

காமாலை ஒரே நோயன்று. ஒரு வகை சில வாரங்களில் தானே தணியும். புகழ் இலைக்குச் சேரும். பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அந்த நோயாளி மோரும் இலையுமாக ஒரு மாதம் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

அரியலூரில் 2022-ல் ஸர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஸர்க்கார் மருத்துவமனைகளில் சித்த வைத்தியப் பிரிவுகளும் உண்டு. இரு சாராரும் ஒன்றுகூடி, காமாலையுடன் வருகிறவர்களுக்கு முதலில் இரத்தத்தைப் பரிசோதித்து, நோயின் வகையைக் கண்டு, நோயாளியின் சம்மதத்துடன் மூலிகையைக் கொடுத்து, பலனையும் பலனின்மையையும் ஒளிக்காமல் பதிவு செய்து வெளியிடவேண்டும். அதற்கு வேண்டிய பணத்தை ஸர்க்கார் இவ்வாண்டு பட்ஜெட்டிலேயே ஒதுக்கவேண்டுமென்று இரு ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்களும் கேட்பார்களா?