வளர்பிறையில் ஜோடி போட்ட புறா



திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் கீழே பனியன் கம்பெனி ஓட, மேலே மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்க்கும் ஒரு தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். கூண்டுக் கம்பியில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. தாள்களைக் கிழிக்காமல் மேலே மடித்துச் செருகியிருந்தார். ஒரு தாளில் பென்சிலால் ‘ஜோடி’ என்று எழுதியிருந்தது. சில தாள்கள் தள்ளி ‘முதல் முட்டை’, இன்னும் தள்ளி ‘குஞ்சு 2’. ஜோடி என்று எழுதிய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேய்பிறை இல்லை.

“வளர்பிறையில சேர்த்தாத்தானுங்கண்ணா குஞ்சு நெஞ்சு அகலமா வரும். தேய்பிறைக் குஞ்சு பாதி வழியில உக்காந்துக்கும்” என்றார். பகலில் கட்டிங் டேபிளில் நிற்கிறவர். கூலியில் ஒரு பங்கு கம்புக்கும் மக்காச்சோளத்துக்கும் போகிறது.

இதை ஊர்ப்பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாள் பார்ப்பது கொங்கு மண்ணின் பழக்கம். மூங்கில் வெட்டத் தேய்பிறை, முகூர்த்தத்துக்கு வளர்பிறை. சேவற்கட்டுக்காரர்கள் பார்க்கும் பஞ்சபட்சி சாஸ்திரமும் வளர்பிறைக்கு ஒரு கணக்கு, தேய்பிறைக்கு ஒரு கணக்கு என்று பிரித்தே வைத்திருக்கிறது. (வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற அந்த ஐந்து பட்சியில் புறா இல்லை என்பது வேறு விஷயம்.) ஐரோப்பாவின் பந்தயப் புறாக்காரர்கள் சிலரிடமும் இதே நம்பிக்கை உண்டு.

அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டே நாள்களை எண்ணினேன். ஜோடி சேர்த்த எட்டுப் பத்து நாளில் முதல் முட்டை. இரண்டாவது முட்டை அதற்குச் சுமார் 44 மணி நேரம் கழித்து. அதிலிருந்து 17 அல்லது 18 நாள் அடை. பெட்டை இரவெல்லாம் படுக்கும். காலை பத்து மணிவாக்கில் ஆண் வந்து மாற்றிக்கொண்டு மாலைவரை இருக்கும், ஷிப்ட் மாறுவது போலத்தான். எல்லாம் கூட்டினால் 27 முதல் 30 நாள். சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாள். வளர்பிறை ஆரம்பத்தில் சேர்த்த ஜோடிக்கு அடுத்த வளர்பிறை ஆரம்பத்தையொட்டியே குஞ்சு பொரிக்கும். நிலா வளர வளரக் குஞ்சும் வளரும். தாய் தந்தை இரண்டும் தீனிப்பையிலிருந்து ஊட்டும் புறாப்பாலில் முதல் வாரத்திலேயே அதன் எடை பல மடங்கு ஏறிவிடும். இதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்தவர்கள் நிலாவை நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் வளர்பிறையில் மட்டுமே ஜோடி போட்டால், ஜெயித்த புறாவும் வளர்பிறைக் குஞ்சு, தொலைந்த புறாவும் வளர்பிறைக் குஞ்சு. தேய்பிறைக் குஞ்சு எப்படிப் பறக்கும் என்று அந்தக் கூண்டில் யாருக்குத் தெரியும்?

வெளிச்சத்தையும் யோசிக்க வேண்டும். பறவைகளை இனப்பெருக்கத்துக்குத் தூண்டுவதில் பகலின் நீளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1920களில் கனடாவின் எட்மண்டனில் வில்லியம் ரோவன் கடுங்குளிரில் குருவிகளுக்கு விளக்கு வைத்து இதை நிறுவினார். வடக்கே தள்ளியிருக்கும் பெல்ஜியத்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். திருப்பூரில் அது ஒன்றேகால் மணி நேரம்தான். பகல் இப்படி அதிகம் மாறாத ஊரில் மனிதன் நிலாவைக் கணக்காக எடுத்துக்கொண்டது இயல்பு என்று எனக்குப் படுகிறது. இன்று அந்த நிலவொளி கூண்டுக்குள் எட்டுகிறதா என்பதுதான் கேள்வி. பௌர்ணமி வெளிச்சம் அதிகபட்சம் கால் லக்ஸ் அளவு. தெருவிளக்கின் அடியில் அதைப் போல் பல மடங்கு. நைட் ஷிப்ட் ஓடும் கம்பெனியின் டியூப் லைட் ஜன்னல் வழியாகக் கூண்டில் விழுந்தால், அந்தப் புறாவுக்கு அமாவாசையே இல்லை. திதி பார்க்கிற தம்பிகள் முதலில் கூண்டின் அந்தப் பக்கத்துக்கு ஒரு சாக்குத் திரை போடுங்கள் என்று உரிமையோடு சொல்வேன்.

நிலாவுக்கும் புறாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் நான் தயாரில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பந்தயப் புறாக்களின் திசையறிவை ஆராய்ந்த வில்லியம் கீட்டனும் அவருடைய சகா லார்கினும் 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே இடத்திலிருந்து விடப்பட்ட புறாக்கள் புறப்படும் திசை நாளுக்கு நாள் சற்றே மாறுகிறது. அந்த மாற்றத்தில் சந்திர மாதத்தின் தாளம் தென்படுகிறது என்றார்கள். அது ஜோடி போடுவதைப் பற்றியதல்ல, வழி பிடிப்பதைப் பற்றியது. ஆனாலும் அந்தத் தாளம் அவர்களுக்குத் தெரிந்தது, விட்ட நாளையெல்லாம் விடாமல் குறித்து வைத்ததால்.

காலண்டரில் பென்சிலால் எழுதுகிற பழக்கம் நம் தம்பிக்கும் இருக்கிறது. அதனால் புறா வளர்க்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதி ஜோடியை வளர்பிறையிலும் பாதியைத் தேய்பிறையிலும் சேருங்கள். தீனியும் கூண்டும் ஒன்றாக இருக்கட்டும். வளைய எண், சேர்த்த திதி, பொரித்த நாள், முதல் பந்தயத்தில் விட்ட தூரம், வந்து இறங்கிய நேரம், வராமல் போனவை எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். வராமல் போனதை விட்டுவிட வேண்டாம். முடிவு எந்தப் பிறைக்குச் சாதகமாக வந்தாலும் அப்படியே அச்சிடுவோம். காலண்டர் தாளாகவே அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்