பேச்சுப் பக்கத்துக்கு வாருங்கள் ஐயா!

குவீன்ஸ்டவுனைப் பற்றி விக்கிப்பீடியாவில் நாலு வரி எழுதிப் பாருங்கள். மூன்றாவது வரியில் ‘முதல்’ என்ற சொல் வந்துவிடும். நான்காவது வரி முடிவதற்குள் சண்டையும் வந்துவிடும்.

வராமல் என்ன செய்யும்? சிங்கப்பூரின் முதல் துணைநகரம் என்கிறார்கள் எங்கள் பேட்டையை. வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் அடுக்குமாடிகள் இங்கேதான். முதல் முழுநேரக் கிளை நூலகம் இங்கேதான். இத்தனை ‘முதல்’களைச் சுமக்கும் ஊருக்குக் கலைக்களஞ்சியத்தில் நிம்மதி ஏது? ராத்திரி ஒருவர் வந்து ‘சிங்கப்பூரின் முதல் நூலகம் குவீன்ஸ்டவுனில் திறக்கப்பட்டது’ என்று எழுதுகிறார். காலையில் இன்னொருவர் ‘தவறு’ என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு முழுப் பத்தியையும் தூக்குகிறார். மத்தியானம் முன்னவர் திரும்ப வைக்கிறார். சாயங்காலம் பின்னவர் திரும்ப எடுக்கிறார். இரண்டு பேரும் தமிழர்கள், இரண்டு பேருக்கும் தட்டச்சு தெரியும், இரண்டு பேருக்கும் நேரமும் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ‘பேச்சுப் பக்கம்’ என்று ஒன்று திறந்தே கிடக்கிறதே, அங்கே வந்து ஒரு வரி பேசத்தான் ஆள் இல்லை.

இத்தனைக்கும் சண்டையில் என்ன இருக்கிறது? 1970 ஏப்ரல் 30ஆம் தேதி பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த குவீன்ஸ்டவுன் நூலகம், நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1960இல், ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் தேசிய நூலகக் கட்டடம் திறந்தாகிவிட்டது. பகுதிநேரக் கிளைகளும் சில இயங்கிக்கொண்டிருந்தன. ஆக, எழுதியவர் சொன்னதிலும் பாதி உண்மை, தூக்கியவர் சொன்னதிலும் பாதி உண்மை. ‘முழுநேரக் கிளை’ என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அந்த இரண்டு சொல்லைச் சேர்க்காமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பத்தியைப் பிடித்து இழுக்கிறார்கள்.

துணைநகரச் சண்டையும் இதே ரகம். இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு ஆண்டான 1953இல் பெயர் சூட்டப்பட்ட நகரம் இது. கட்டத் தொடங்கியது பிரிட்டிஷார் காலத்து வீடமைப்பு அமைப்பான எஸ்ஐடி. 1960இல் வீவக பிறந்ததும் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே ஆண்டில் ஸ்டெர்லிங் ரோட்டில் 45, 48, 49 எண் கொண்ட புளோக்குகளைக் கட்டி முடித்தது. ஆனால் வீவக தானே திட்டமிட்டு, தானே முழுக்கக் கட்டிய முதல் நகரம் தோ பாயோ. தோ பாயோக்காரர் வந்து ‘நாங்கள்தான் முதல்’ என்றால் அவர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டு ‘முதல்’களையும் அடுத்தடுத்த வாக்கியத்தில் எழுதினால் யாருக்கும் குறைவில்லை. எழுதவிட்டால்தானே!

காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1932இல் குவீன்ஸ்வே பக்கம் ரயில்பாதை ஓரத்தில் ரயில்வே ஊழியர்கள் தொடங்கிய வழிபாடு அது. இப்போதிருக்கும் கோயிலில் குடமுழுக்கு நடந்தது 1998இல். கோயிலுக்கு வயது எந்த ஆண்டிலிருந்து? முனீஸ்வரனுக்கு 1932, கட்டடத்துக்கு 1998. இப்படி ஒரு வரியில் தீர்கிற விஷயத்தைக்கூட ‘ஒன்று அது, இல்லாவிட்டால் இது’ என்று நிற்கிறவர்களிடம் என்ன பேசுவது?

சண்டை தீர்க்க வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் அதற்குப் படிப்படியாக முறை வைத்திருக்கிறார்கள். துணிந்து திருத்தலாம். யாராவது திருப்பினால் அதோடு நிறுத்திக்கொண்டு பேச்சுப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தை மூன்று முறைக்கு மேல் திருப்பினால் கணக்கைத் தடுத்துவைப்பார்கள். இரண்டு பேர் பேசித் தீரவில்லையா, மூன்றாவதாக ஒருவரைக் கருத்துக் கேட்கலாம். அதிலும் தீரவில்லையா, எல்லாரையும் அழைத்துப் பொதுக் கருத்துக் கேட்கலாம். அது வழக்கமாக 30 நாள் நடக்கும். அங்கே சமரசக் குழு என்றுகூட ஒன்று இருந்தது. அதை நாடிப் போவார் இல்லாமல் 2018இல் மூடிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நடுவர் குழு இருக்கிறது. ஆனால் அந்தக் குழு பயனர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கும். எந்தத் தகவல் சரி என்று தீர்ப்புச் சொல்லாது.

நம்மவர்களுக்கு ஆகப்பெரிய ஏமாற்றம் இதுதான். தகவலுக்கு நாட்டாமை கிடையாது. நிர்வாகி பக்கத்தைப் பூட்டலாம், ஆளைத் தடுக்கலாம், ஆனால் ‘1932தான் சரி’ என்று சொல்ல அவருக்கு என்னைவிட, உங்களைவிடத் தனி அதிகாரம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப்பேச்சு நடக்கிற பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். பெயரைப் பார்த்துவிட்டு ஓடிவருகிறவர்கள் சொம்பையும் ஜமுக்காளத்தையும் தேடுகிறார்கள். அங்கே மரம் மட்டும்தான் ஐயா இருக்கிறது. தீர்ப்பை நீங்களும் நானும் சேர்ந்துதான் எழுத வேண்டும்.

அச்சுக் கலைக்களஞ்சியத்தில் இந்தத் தொல்லை வெளியே தெரிந்ததில்லை. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வந்தது. எது உள்ளே, எது வெளியே என்பது அவர் ஒருவர் முடிவு. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிகளிலும் கடைசிப் பேனா ஆசிரியர் கையில்தான். பொதுமக்கள் எழுதும் கலைக்களஞ்சியத்தில் கடைசிப் பேனா என்று ஒன்றில்லை. அதைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறோம். அந்தச் சுதந்திரத்துக்கு உரிய பேச்சைப் பேசு என்றால் மட்டும் வாய் மூடிக்கொள்கிறது.

இன்னொரு வகை ஆட்கள் பேச்சுப் பக்கத்துக்கு வராமல் வாட்ஸ்அப்புக்குப் போகிறார்கள். ‘நம்ம ஊர்ப் பெயரைக் கெடுக்கிறான், எல்லாரும் போய் மாற்றுங்கள்’ என்று குழுவில் ஒரு செய்தி. அரை மணியில் புதுப்புதுக் கணக்குகள் முளைத்து அதே வரியைத் திருத்துகின்றன. ஆள் சேர்த்து வருவது விதிப்படியே கூடாது. தலை எண்ணி முடிவெடுக்க இதென்ன தேர்தலா? நூறு பேர் சான்றில்லாமல் சொன்னாலும், ஒருவர் சான்றோடு சொன்னால் அவர் பேச்சுத்தான் நிற்கும். இதைச் சொன்னால், ‘நீ யார் சார் சொல்ல?’ என்று கேட்பார்கள். நான் யாருமில்லை. அங்கே யாருமே யாருமில்லை.

பெயர்ச் சண்டை தனி. எம்ஆர்டி நிலையப் பலகையில் கண்டபடி ‘குவீன்ஸ்டவுன்’ என்று நான் எழுதினால், கிரந்த எழுத்து ஆகாது என்று ஒருவர் ‘குவீன்சுடவுன்’ ஆக்குகிறார். இன்னொருவருக்கு ‘குயின்ஸ்டவுன்’தான் வேண்டும். 2003இல் தொடங்கிய நாளிலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் தீராத வழக்கு இது. இலங்கை வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு, சிங்கப்பூர் மலேசிய வழக்கு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூட்டையோடு வருகிறோம். அந்தக் களஞ்சியத்தை ஆரம்பத்தில் தூக்கி நிறுத்திய மயூரநாதன் இலங்கையில் பிறந்து வளைகுடாவில் இருந்தபடி எழுதியவர். பல ஊர்த் தமிழும் வந்து சேரும் இடத்தில் ‘வழிமாற்று’ என்ற வசதியும் இருக்கிறது. எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் ஒரே கட்டுரையில் கொண்டுபோய்விடும். வாசகருக்கு ஒரு நட்டமும் இல்லாத இடத்தில்தான் நாம் அதிகமாக வியர்வை சிந்துகிறோம்!

இதைவிடப் பெரிய சண்டைகளை எல்லாம் தீர்த்திருக்கிறார்கள். போலந்து நகரம் ஒன்றை கிதான்ஸ்க் என்பதா, ஜெர்மானியப் பெயரால் டான்சிக் என்பதா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் பெரும் போர். 2005இல் ஓட்டெடுத்துக் காலவாரியாகப் பிரித்தார்கள்: 1308 முதல் 1945 வரை டான்சிக், மற்ற காலத்துக்கு கிதான்ஸ்க். நம்ம தமிழ் விக்கிப்பீடியர்களுக்கும் அந்த ஊரில் ஒரு கதை உண்டு. கூகுள் தன் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துத் தமிழில் கட்டுரைகளைக் கொட்டிய காலம் அது. தரம் சரியில்லை என்று நம்மவர்கள் ஆவேசப்பட்டாலும், நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், குறைகளைப் பட்டியல் போட்டார்கள். 2010இல் கிதான்ஸ்கில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அதை ஆய்வுரையாகவே முன்வைத்தார்கள்.

இலங்கைக் கதை இன்னும் கனமானது. 2007 வாக்கில், அங்கே போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழரும் சிங்களவரும் பிறரும் சேர்ந்து இலங்கை நல்லிணக்கத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த ஊடகத்தை அப்படியே சான்றாகக் காட்டலாம், எதைப் ‘புலிகள் சார்பு’, ‘அரசு சார்பு’ என்று பெயர் சொல்லித்தான் காட்டலாம் என்று பேசிப் பேசி வகை பிரித்து, உடன்படிக்கை எழுதிக் கையொப்பம் இட்டார்கள். எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது அவர்களால் ஒரே பக்கத்தில் உட்கார முடிந்தது. இங்கே குளிரூட்டிய அறையில் கோப்பியோடு உட்கார்ந்திருக்கும் நம்மால், ஒரு கிளை நூலகத்துக்காக உட்கார முடியவில்லை.

எனக்கு மிகவும் வருத்தமாக இருப்பது சண்டைக்காரர்களை நினைத்து அல்ல. தங்ளின் ஹால்ட்டில் வளர்ந்த பெரியவர் ஒருவர் ஆசையோடு எழுத வந்தார். மலாயா ரயில் நின்று போன இடம், ஓடிவிளையாடிய தண்டவாளம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எழுதிய ஒவ்வொரு வரியிலும் ‘சான்று தேவை’ என்று யாரோ முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். ஒரு விளக்கம் இல்லை, ஒரு வணக்கம்கூட இல்லை.

“தம்பி, ரயில் நின்ற இடத்தை நான் கண்ணால் பார்த்தவன். நானே சான்று இல்லையா?” என்று கேட்டார்.

“நீங்கள் சொல்வது உண்மைதான் ஐயா. படிக்கிறவர் அதை எங்கே போய்ச் சரிபார்ப்பார்? அதுதான் சிக்கல்” என்றேன்.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விதியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம் போடத்தான் பேச்சுப் பக்கம். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் இப்படிப்பட்ட நினைவுகளைத்தான் பதிவு செய்துவைக்கிறது. எங்கள் பேட்டையின் மரபுடைமை ஆர்வலர்களும் குடியிருப்பாளர் நினைவுகளைத் திரட்டிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். ‘ஐயா, இவற்றில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சேர்த்துவிடலாம்’ என்று முத்திரை குத்திய கை ஒரு வரி எழுதியிருந்தால் அவர் இன்றும் எழுதிக்கொண்டிருப்பார். இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை. சண்டை போட்டவர்கள் இருவரும் மட்டும் இருக்கிறார்கள், நல்ல உடல்நலத்தோடு.

நட்டம் யாருக்கு? பள்ளியில் பேட்டையைப் பற்றிச் செய்திட்டம் செய்யும் பிள்ளைக்கு. இரண்டு மணிக்குப் பார்த்த பிள்ளைக்கு ஒரு விடை, ஐந்து மணிக்குப் பார்த்த பிள்ளைக்கு வேறு விடை. தமிழில் தேடினால் கிடைப்பதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் மணிக்கொரு நிறம் மாற்றி வைத்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலேயே தேடிக்கொள்ளும். பிறகு ‘இளையர்கள் தமிழில் படிப்பதில்லை’ என்று மேடை போட்டுப் புலம்புவதும் நாம்தான்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம். ஒரு வரியை எடுப்பதற்கு முன் அங்கே ஒரு தடவை தேடுங்கள். எடுத்தால், ஏன் எடுத்தீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள். உங்கள் வரியை இன்னொருவர் எடுத்தால், உடனே திரும்ப வைக்காமல், பேச்சுப் பக்கத்தில் சான்றைக் காட்டி, கையொப்பம் இட்டு, அவருக்குப் பதில் சொல்ல ஒரு நாள் கொடுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் தயவுசெய்து படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். களஞ்சியத்துக்கு வாசகர்களும் வேண்டும்.